உறைபனியிற் படம் பிடித்தல்

முன்பனி, பின்பனி என இரண்டு பருவங்களை வகுத்துக்கொண்டவர் நம் முன்னோர். எனினும் நமக்குப் பனியென்பது வைகறையிற் புல்நுனியில் அரும்பி, வெயில் ஏறியவுடன் மறையும் நீர்த்துளியே. இப்பனிக்கு அஞ்சிக் காமிராவைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுவார் எவருமிலர். இமயத்தின் வடபாலும், நார்வே, கனடா முதலிய நாடுகளிலும் குளிர்காலம் வேறு தன்மையது. ஆண்டு ஆறு கல்லாய் உறைகின்றது; எண்ணெய் மெழுகாய்த் தடிக்கின்றது; விட்ட மூச்சு மீசையிற் பனிக்கட்டியாய் நிற்கின்றது. நம் கல்லூரியிற் பயின்று, மேற்படிப்பின் பொருட்டோ ஊழியத்தின் பொருட்டோ அத்தகைய இடங்களுக்குச் செல்வோர் உளர். முதன்முதல் வெண்பனியைக் காணும் மகிழ்ச்சியில் அவர் செய்வது காமிராவைக் கையிலெடுத்து வெளியே ஓடுதலே. அவர்க்குப் பயன்படுமென்றும், பௌதிகம் பயிலும் மாணவர் தம் பாடத்தை வாழ்க்கையிற் பொருத்திக் காண இஃது ஏற்ற பொருளென்றும் கருதி இக்கட்டுரையை எழுதத் துணிந்தோம்.

எம் பிழையினின்றே தொடங்குவோம். கடல்மட்டத்துக்குமேல் ஏறக்குறைய 3,500 மீட்டர் உயரத்திலுள்ள லே நகரில், ஒரு ஜனவரித் திங்களில் யாம் சில நாள் தங்கியிருந்தோம். சிந்து நதிக்கு அப்பாலுள்ள ஸ்டோக் மலைத்தொடரின் முடிகளில் முதற்கதிர் படுவதைப் பிடிக்க விரும்பி, விடியுமுன் எழுந்து மேடொன்றில் ஏறி நின்றோம். வெப்பமானி பூச்சியத்துக்குக் கீழ் 16 பாகை காட்டிற்று. முந்தின இரவு மின்னேற்றி நிறைத்து வைத்திருந்த மின்கலம், மலைமுடி சிவக்கத் தொடங்கிய அந்நேரத்தில், தான் வறிதாயிற்றென்று அறிவித்தது. காமிரா கண் மூடிக்கொண்டது. பத்து நிமிடத்தில் அச்செந்நிறமும் மறைந்தது. மின்கலம் விற்றவனை வைதுகொண்டே அறைக்குத் திரும்பினோம். புகாரி என்று அவ்வூரார் வழங்கும் கணப்படுப்பின் அருகமர்ந்து காமிராவைப் பையினின்று எடுத்தோம். அதன்மேலெல்லாம் நீர் அரும்பிற்று. துணியால் துடைத்தோம், மீண்டும் அரும்பிற்று. வில்லையின் உட்புறத்திலும் மங்கல் படர்ந்தது. ஒரு மணி நேரங் கழித்து, இறந்ததென்று எண்ணிய மின்கலத்தை இட்டுப் பார்த்தபோது அது பாதிக்குமேல் நிறைந்திருந்தது! குற்றம் விற்றவன்மேலதன்று; பொருள்களின் இயல்பை அறியாத எம்மேலதே.

முன்னோர் பட்ட பாடு

இவ்வியல்பை முதலில் அறிந்தோர் பெருந்துன்பத்தின் வாயிலாகவே அறிந்தனர். 1910-ஆம் ஆண்டு காப்டன் ஸ்காட் தென்துருவத்தை நோக்கிச் சென்ற பயணத்தில் ஹெர்பர்ட் பாண்டிங் என்னும் படக்கலைஞர் உடன் சென்றார். ஒருகால் அவர் நாநுனி காமிராவின் உலோகப் பகுதியொன்றிற் பட்டு, அங்கேயே உறைந்து ஒட்டிக்கொண்டது. பாண்டிங் துருவம் வரை செல்லவில்லை. செல்வோர்க்குப் படம் பிடிக்கும் முறையைக் கற்பித்தார். 1912 ஜனவரி 17-இல் ஸ்காட் முதலிய ஐவர் துருவத்தை அடைந்து, அமுண்ட்ஸென் தமக்கு முன்னரே அங்கு வந்து சென்றதைக் கண்டு மனம் உடைந்தனர். மறுநாள் ஐவரும் ஒருங்கு கூடி எடுத்துக்கொண்ட படத்தில், காமிராவின் விசையை நூல் கட்டி இழுத்தவர் அவருள் ஒருவரான பவர்ஸ். திரும்பும் வழியில் ஐவரும் மாண்டனர். அவ்வாண்டு நவம்பரிற் கூடாரத்தைக் கண்டெடுத்தோர் படச்சுருள்களையும் மீட்டனர். அவை கழுவப்பட்டபோது அவ்வைவரின் களைத்த முகங்கள் வெளிப்பட்டன.

இதனினும் வியப்புக்குரியது ஸ்வீடன் நாட்டு ஆண்ட்ரே என்பாரின் வரலாறு. 1897 ஜூலையில் அவரும் தோழர் இருவரும் நீர்வாயுக் கூண்டிலேறி வடதுருவத்தை நோக்கிப் புறப்பட்டனர், கூண்டு பனிப்பரப்பில் இறங்கிவிட்டது, மூவரும் மீளவில்லை. 33 ஆண்டுகள் கழித்து, 1930-இல், வெண்தீவு என்னும் இடத்தில் அவர்தம் உடல்களும் படச்சுருள்களும் அகப்பட்டன. ஏறக்குறைய 240 படங்களுள் 93 மீட்கப்பட்டன. ஆகவே, குளிர் கருவியையும் அதனைத் தாங்கும் கையையும் வருத்துமேயன்றி, பதிந்த காட்சியை எளிதில் அழிப்பதில்லை என்பது தெளிவு.

அக்காலத்துக் காமிராவுக்கு மின்சாரம் வேண்டுவதில்லை. 1975-இல் ஈஸ்ட்மன் கோடக் நிலையத்தில் ஸ்டீவன் ஸாஸன் என்பார் முதன்முதல் அமைத்த டிஜிட்டல் காமிரா, 10,000 புள்ளிகளாலாகிய ஒரு படத்தைப் பதிக்க 23 நொடி கொண்டது. டிஜிட்டல் காமிராவால், குளிரில் நொறுங்கும் படச்சுருளின் தொல்லை ஒழிந்தது. அதற்கீடாக மின்கலத்தின் தொல்லை வந்து சேர்ந்தது. இனி, இத்தொல்லைகளையும் அவற்றின் காரணங்களையும் ஒவ்வொன்றாய் ஆராய்வோம்.

1. மின்கலம்

இக்காலத்துக் காமிராவிலுள்ளது லித்தியம் அயனி மின்கலம். அதனுள் லித்தியம் அயனிகள் ஒரு திரவத்தினூடே ஒரு முனையினின்று மறுமுனைக்குச் செல்லுதலால் மின்னோட்டம் உண்டாகின்றது. மார்கழி வைகறையில் நம் வீட்டுத் தேங்காயெண்ணெய் புட்டியினுள் உறைந்து, கவிழ்த்தாலும் விழாமல் நிற்பதைக் கண்டிருக்கின்றோம். மின்கலத்துத் திரவம் அவ்வளவு உறைவதில்லையாயினும், குளிரிற் பாகு போலத் தடிக்கின்றது, அயனிகளின் நடை தளர்கின்றது, உட்டடை மிகுகின்றது. காமிரா மின்சாரத்தை இழுக்கும்போது மின்னழுத்தம் சட்டென்று தாழ்கின்றது. அத்தாழ்வைக் கண்ட கருவி, கலம் வறிதாயிற்றென்று முடிவு செய்து அணைந்துவிடுகின்றது. உண்மையில் உள்ளிருக்கும் ஆற்றல் தொலைந்துபோகவில்லை, வெளிவரமாட்டாமல் அடைபட்டிருக்கின்றது. வெம்மை ஊட்டின் மீண்டும் வரும்.

ஆதலின், இரண்டு மூன்று மின்கலங்களை உடன்கொண்டு, அவற்றை மேலங்கிக்குள், உடலை ஒட்டிய பையில் வைத்தல் வேண்டும். காமிராவிலுள்ளது சோர்ந்தவுடன் அதனை எடுத்து உட்பையிலிட்டு, வெம்மையுற்ற மற்றொன்றை இடுக. சோர்ந்தது சிறிது நேரத்திற் பெரும்பாலும் மீளும். மின்முனைகள் சாவியோடும் காசோடும் உராயாதபடி மூடியிடுக. பின்புறத் திரையை வேண்டும்போதன்றி எரியவிடாமை மின்சாரத்தைச் சேமிக்கும். மேலும், பூச்சியத்துக்குக் கீழே குளிர்ந்த கலத்துக்கு மின்னேற்றுதல் கூடாது. அங்ஙனம் ஏற்றின் உள்முனையில் லித்தியம் உலோகமாய்ப் படிந்து கலம் நிலையாகக் கெடும். அறைக்கு வந்து, கலம் வெம்மையுற்ற பின்னரே ஏற்றுக. கைப்பேசியிலுள்ளதும் இவ்வகைக் கலமேயாதலின் அதற்கும் இவ்விதி ஒக்கும்.

குளிரில் திரையிலுள்ள காட்சி இழுபட்டு மெல்ல நகர்வதைக் கண்டு அஞ்சவேண்டா. அதனுள்ளிருக்கும் திரவப் படிகம் மந்தமாதலே காரணம். வெம்மையில் தானே தீரும். குளிரால் ஒரு நன்மையும் உண்டு. ஒளியை ஏற்கும் தகட்டில், ஒளியின்றியே எழும் பொய்ம்மின்னோட்டம் வெப்பநிலை ஏறக்குறைய 6 முதல் 8 பாகை குறையுந்தோறும் பாதியாகின்றது. அதனாலேயே வானநூலார் தம் காமிராக்களை வேண்டுமென்றே குளிர்விக்கின்றனர். குளிரிரவில் நெடுநேரம் திறந்துவைத்து எடுக்கும் விண்மீன் படங்கள் தூய்மையாய் அமைவதற்கு இஃதொரு காரணம்.

2. ஈரம்

குளிரினுங் கொடியது ஈரம். அஃது எங்கிருந்து வருகின்றது? பலரும் எண்ணுமாறு வெளியிலிருந்தன்று, வீட்டிற்குள்ளிருந்தே. 20 பாகை வெம்மையுள்ள ஒரு கன மீட்டர் காற்று 17 கிராம் அளவு நீராவியைத் தாங்கவல்லது. பூச்சியப் பாகைக் காற்று 5 கிராம் அளவே தாங்கும். பூச்சியத்துக்குக் கீழ் 20 பாகையிலோ ஏறக்குறைய 1 கிராம்தான். ஆகவே கடுங்குளிரில் வெளிக்காற்று உலர்ந்தது. மக்கள் மூச்சு விடுவதும், அடுப்பின்மேற் கெண்டி கொதிப்பதும், ஈர உடை உலர்வதுமாகிய அறைக்காற்றே ஈரமிக்கது.

அறைக்காற்று 20 பாகையில், தான் தாங்கவல்லதிற் பாதியளவு நீராவி உடையதெனக் கொள்வோம். அக்காற்று 9 பாகைக்குத் தாழக் குளிர்ந்த எப்பொருளைத் தொடினும் நீரைச் சொரியும். சித்திரை வெயிலிற் குளிர்ந்த சோடாப் புட்டியின் புறத்தே நீர் முத்து முத்தாய் நிற்பது இவ்விதியால்தான். பூச்சியத்துக்குக் கீழ் 16 பாகையிற் கிடந்த காமிராவை அவ்வறைக்குட் கொணர்ந்தால், புட்டிக்கு நேர்ந்ததே அதற்கும் நேரும். புறத்தே மட்டுமன்றி, காற்றுப் புகுமிடமெல்லாம் நேரும். யாம் துடைக்கத் துடைக்க நீர் அரும்பியதன் காரணம் இதுவே. அவ்வீரத்தோடு மீண்டும் வெளியே சென்றால் நீர் பனிக்கட்டியாய் உறைந்து, திருகுகளும் வில்லையும் அசையாமல் இறுகும்.

இதற்கு மருந்து மிக எளிது. வெளியே நிற்கும்போதே, உள்ளே நுழையுமுன், காமிராவை ஓட்டையற்ற பிளாஸ்டிக் பையிலிட்டு, காற்றை இயன்றமட்டும் அகற்றி, வாயை இறுக மூடுக. பைக்குள் அடைபடுவது உலர்ந்த வெளிக்காற்று. அறைக்குட் சென்றதும் நீர் பையின் புறத்தே அரும்பும், காமிராவைத் தொடாது. கருவி அறையின் வெம்மையை அடையும் வரை பையைத் திறவற்க. சிறிய காமிராவுக்கு ஒரு மணி நேரமும், பெரிய வில்லையுடையதற்கு இரண்டு மூன்று மணி நேரமும் ஆகலாம். எடுத்த படங்களை உடனே காண விரும்புவோர், நினைவட்டையையும் மின்கலத்தையும் பை கட்டுமுன்னரே வெளியே எடுத்துக்கொள்க.

இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது ஒன்றுண்டு. மின்கலத்தை மேலங்கிக்குள் வைக்கச் சொன்னோம். காமிராவை அங்ஙனம் வைத்தல் தவறு. உடலின் வியர்வையாவி அதன்மேற் படிந்து, வெளியெடுத்தவுடன் உறையும். வெளியே சென்றபின் காமிரா குளிராகவே இருப்பதாக. அவ்வாறே வில்லையின்மேல் விழுந்த வெண்பனியை வாயால் ஊதற்க. மூச்சிலுள்ள ஆவி உடனே உறைந்து படலமாகும். உலர்ந்த மெல்லிய தூரிகையாலோ ரப்பர் ஊதுகுமிழாலோ அகற்றுக. கண் வைத்து நோக்கும்போதும் மூச்சைப் பக்கவாட்டில் விடுதல் நன்று.

3. ஒளியளவு

வெண்பனிப் பரப்பை எடுத்த படம் சாம்பல் நிறமாய், அழுக்குத் துணிபோல வருவதைக் கண்டு வருந்தாதார் இலர். காமிராவின் ஒளிமானி, தன் முன்னுள்ள காட்சி நடுத்தரச் சாம்பல் நிறத்ததென்று கொண்டு அளக்குமாறு அமைக்கப்பட்டது. புதிய வெண்பனியோ தன்மேல் விழும் ஒளியில் நூற்றுக்கு 80 முதல் 90 பங்கு வரை திருப்பி விடுகின்றது. கருவி அதனை மிகையான ஒளியென்று கருதிக் குறைத்துவிடுகின்றது. ஆகவே நாமே ஒன்று முதல் இரண்டு படி வரை ஒளியைக் கூட்டி வைத்தல் வேண்டும். ஒரு படியென்பது இருமடங்கு ஒளி. கூட்டியபின், திரையில் ஒளிப்பரவலைக் காட்டும் வரைபடத்தைப் பார்த்து, அஃது வலக்கோடியில் முட்டி நில்லாதபடி திருத்திக்கொள்க. முட்டி நின்றால், பனியின் நுண்மணிகளும் காற்று வரைந்த வரிகளும் வெறும் வெள்ளையாய் அழிந்தனவென்பது பொருள். நிழல்கள் நீலமாய்த் தோன்றுவதைக் குறையென்று எண்ணற்க. கதிரவனொளி படாத இடத்துக்கு ஒளி தருவது நீலவானமே.

4. கையும் உடலும்

காமிரா கெட்டால் வேறொன்று வாங்கலாம். விரல் கெட்டால் வாங்குமாறில்லை. ஆதலின் இறுதியிற் கூறுவதாயினும் இதுவே தலையாயது. பூச்சியத்துக்குக் கீழ் 15 பாகைக் குளிரில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்திற் காற்று வீசின், திறந்த தோலுக்கு அது கீழ் 26 பாகைக் குளிர்போல உறைக்கும். காற்று உயிரற்ற காமிராவை விரைந்து குளிர்விக்குமேயன்றி, 15 பாகைக்குக் கீழே கொண்டுசெல்லாது. நம் உடலோ வெம்மையை இடைவிடாது உண்டாக்கி இடைவிடாது இழக்கின்றதாகலின், காற்று அதற்குப் பெரும்பகை. மெல்லிய உட்கையுறையும், அதன்மேல் விரல் பிரியாத தடித்த கையுறையும் அணிக. விசையை அழுத்தும்போது புறவுறையை மட்டும் கழற்றி, உடனே மீண்டும் அணிக. உலோகத்தை வெறுங்கையால் தொடற்க. முக்காலியின் கால்களுக்குப் பஞ்சுறை சுற்றுக.

விரல் வலிக்கின்ற வரையில் அச்சம் சிறிது. வலி நின்று மரத்து, தோல் வெளிறுமாயின் அதுவே அபாயக்குறி. அப்பொழுது எத்துணை அரிய காட்சி முன்னிற்பினும் விட்டு நீங்கி, வெம்மையுள்ள இடத்துக்குச் செல்க. மரத்த இடத்தைத் தேய்த்தலும், பனியால் உரைத்தலும், நெருப்பிற் காட்டுதலும் தீங்கு. உணர்விழந்த தோல் வேவதை அறியாது. உடற்சூட்டளவான, 37 முதல் 39 பாகை வரையுள்ள நீரில் அமிழ்த்தி, மருத்துவரை நாடுக. மீண்டும் உறையக்கூடிய இடத்தில் நிற்கும்வரை அதனை உருக்க முயலற்க.

முடிவாக, இதுவரை கூறியவற்றைச் சுருக்கின், மின்கலம் உடலோடும், காமிரா குளிரோடும் இருத்தல் வேண்டும். அறை புகுமுன் பை கட்டுதல் வேண்டும். வெண்மைக்கு ஒளி கூட்டுதல் வேண்டும். கை மரக்குமுன் திரும்புதல் வேண்டும். இவற்றுள் ஒன்றும் பொருட்செலவு மிக்கதன்று. ஒரு பிளாஸ்டிக் பையும், ஒரு மின்கலமும், சிறிது பொறுமையுமே வேண்டுவன. யாம் லே நகரில் தங்கிய கடைசி நாளில் இம்முறைப்படி மீண்டும் அதே மேட்டில் நின்றோம். மின்கலத்தை இருமுறை மாற்றினோம். ஸ்டோக் முடிகளின் செம்மை முழுதும் பதிந்தது. திரும்பியபின் பையைத் திறக்க இரண்டு மணி நேரம் காத்திருந்தோம். பள்ளியில் நீராவியைப்பற்றிப் படித்த அந்தப் பழைய பாடத்தை யாம் உண்மையிற் கற்றது அக்காத்திருப்பிலேதான். வடபுலம் செல்லும் நம் மாணவர் இதனை அங்குச் செல்லுமுன்னரே கற்றுச் செல்வாராக.