அறுவைச் சிகிச்சையும் உறக்க மூச்சுத் தடையும்

அறுவைச் சிகிச்சைக்காக மருத்துவமனையில் சேரும் முதியவர்களிடம் மருத்துவர் பல வினாக்களைக் கேட்பார். சர்க்கரை உண்டா, இரத்த அழுத்தம் உண்டா, நெஞ்சுவலி வந்ததுண்டா என்பன அவை. இவற்றிற்கெல்லாம் தவறாமல் விடை கூறும் நம்மவர், "இரவில் குறட்டை உண்டா?" என்று கேட்டால் மட்டும் நகைத்துவிடுகின்றனர். குறட்டையை ஒரு குறையாகக் கருதும் வழக்கம் நம்மிடம் இல்லை. கும்பகர்ணன் என்று கேலி செய்வோம். அல்லது, அயர்ந்து உறங்குகிறார், எழுப்ப வேண்டாம் என்போம். அறுவைக்குப் பிந்திய இரவுகளில் இந்த எண்ணம் உயிருக்கே இடராக முடியக்கூடும். ஆதலின் இதனைச் சற்று விரிவாகக் காண்போம்.

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்ல வேண்டும் என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் முதலில் கற்ற பாடம். இங்கு ஜேடர்பாளையத்துத் தோட்டங்களில் மோட்டார் நீரைத் தொலைவுக்குக் கொண்டு செல்ல மெல்லிய பிளாஸ்டிக் குழாயை நிலத்தில் விரித்து வைப்பார்கள். நீர் அழுத்தத்துடன் வரும் வரை அது உருண்டு நிற்கும். மோட்டாரை நிறுத்தியதும் தட்டையாகப் படுத்துவிடும். நம் தொண்டையில் நாவின் பின்புறமும் உள்நாக்கை ஒட்டிய பகுதியும் ஏறக்குறைய இத்தகைய குழாயே. அங்கே எலும்பின் தாங்கல் இல்லை. தசைகளே அதனைத் திறந்து வைத்திருக்கின்றன. உறக்கத்தில் தசைகள் தளரும்போது குழாய் குறுகினால் காற்று அதிர்ந்து குறட்டையாகிறது. முற்றிலும் ஒட்டிக்கொண்டால் மூச்சே நின்றுவிடுகிறது. இவ்வாறு 10 விநாடியோ அதற்கு மேலோ நிற்பதையே உறக்க மூச்சுத் தடை என்கின்றனர். ஆங்கில வழக்கில் ஸ்லீப் ஆப்னியா. மூச்சு முற்றிலும் நிற்பதும் பெரிதும் குறைவதும் ஒரு மணி நேரத்தில் 5 முதல் 15 முறை நேர்ந்தால் லேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், 30ஐக் கடந்தால் கடுமை எனப் பிரிப்பர்.

ஆகவே அஞ்சத்தக்கது குறட்டை ஒலி அன்று. ஒலி திடீரென நின்று நிலவும் அமைதியே. மார்பும் வயிறும் மூச்சுக்கு முயன்று அசைந்துகொண்டிருக்கும். ஆனால் மூக்கில் காற்று இராது. பின் ஒரு திணறலோடு மூச்சு மீளும். இரத்தத்தில் பிராணவாயு குறைவதையும் கரியமிலவாயு மிகுவதையும் மூளை உணர்ந்து, உறங்குபவரை அரைகுறையாக எழுப்பி விடுவதால்தான் அது மீள்கிறது. இரவு முழுதும் விழித்திருக்கும் காவலாளி அது என்று கொள்ளலாம்.

அறுவையின்போது நாம் அந்தக் காவலாளிக்கே மயக்கம் தருகிறோம். மயக்க மருந்தின் எச்சமும், வலிக்குத் தரும் மார்பின், பெண்டனில் போன்றவையும், பதற்றம் தணிக்கும் மிடசோலம் போன்றவையும் தொண்டைத் தசைகளை மேலும் தளர்த்துகின்றன. விழிக்கும் திறனையும் மழுக்குகின்றன. போதாததற்கு நோயாளி மல்லாந்தே படுத்திருக்க வேண்டியுள்ளது. அந்நிலையில் நாக்கு பின்னோக்கிச் சரியும். முதுகில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழ் மட்டும் மரத்துப்போகச் செய்யும் முறை இத்தகையோர்க்கு நல்லதென்று மயக்கவியல் மருத்துவர்கள் கருதுகின்றனர். அது மெய்யே. ஆயினும் அதனுடன் உறக்க ஊசியும், அறுவைக்குப் பின் கடுமையான வலி மருந்தும் சேருமாயின் அபாயம் மீண்டும் வந்து நிற்கும்.

அறுவை முடிந்த இரவு எப்படியோ விழித்திருந்து கழித்துவிட்டோம், இனி அச்சமில்லை என்று துணையிருப்போர் வீடு திரும்புவதுண்டு. இது சரியன்று. முதலிரு இரவுகளில் வலியாலும் மருந்தாலும் உறக்கம் துண்டுபட்டு, கனவுநிலை உறக்கம் வெகுவாகக் குறைந்துவிடுகிறது. இழந்ததை உடல் பின்னர் ஈடுகட்டுகிறது. கனவுநிலையில் தசைகள் மிகவும் தளர்வதால், மூச்சுத் தடை மூன்றாம் இரவு அளவில் உச்சம் அடைவதாக ஆய்வுகள் காட்டியுள்ளன. அந்நேரம் நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவிலிருந்து தனியறைக்கு மாற்றப்பட்டிருப்பார், கருவிகள் கழற்றப்பட்டிருக்கும். மூன்றாம் இரவுக்குத் துணை யார் என்பதை முன்னரே முடிவு செய்துகொள்வது நலம்.

இதற்கான முதன்மையான சிகிச்சை சிபாப் என்னும் கருவி. 1981இல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மருத்துவர் காலின் சல்லிவன் இதனை வெளியிட்டார். அதற்கு முன் கடுமையான நோயாளிகளுக்குக் கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பதே வழியாக இருந்தது. சிபாப் காற்றை இடைவிடாத மெல்லழுத்தத்துடன் மூக்கின் வழியே செலுத்துகிறது. மோட்டார் ஓடும் வரை தோட்டத்துக் குழாய் உருண்டு நிற்பதுபோல் தொண்டையும் திறந்து நிற்கும். அவ்வளவே அதன் தத்துவம்.

இங்கே ஒரு குழப்பத்தை நீக்க வேண்டும். "பிராணவாயுதான் வைத்திருக்கிறோமே, இக்கருவி எதற்கு?" என்று மருத்துவமனைகளில் கேட்பது வழக்கம். நம் ஊர்க் காவிரித் தடுப்பணையில் நீர் ததும்பி நிற்கலாம்; ராஜவாய்க்காலின் தலைமதகு அடைபட்டிருந்தால் வயலுக்கு என்ன பயன்? மூக்கில் செருகும் பிராணவாயுக் குழாய் அணையில் நீரைப் பெருக்குகிறது, மதகைத் திறப்பதில்லை. அதுமட்டுமன்று. பிராணவாயு ஏறிக்கொண்டிருக்கையில் விரலில் மாட்டிய கருவியின் எண் நெடுநேரம் நன்றாகவே இருக்கும். உள்ளே கரியமிலவாயு தேங்குவதை அவ்வெண் காட்டாது. தேவையாயின் சிபாப் குழாயிலேயே பிராணவாயுவை இணைத்துத் தரலாம். இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல.

எம் கணவருக்கு முழங்கால் மாற்று அறுவை நடந்தபோது இதனை நேரில் கண்டோம். ஆறாண்டுகளாகச் சிபாப் வைத்து உறங்குபவர் அவர். அறுவைக்குப் பின் மாற்றிய அறையில் கட்டிலருகே மின்இணைப்பு இல்லை என்று கருவியை அலமாரியில் வைத்துவிட்டனர். பிராணவாயுக் குழாய் மட்டும் இருந்தது. இரவு பதினொரு மணிக்குமேல் குறட்டை எழுந்தது, நின்றது. கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி எண்ணினோம். ஒருமுறை 22 விநாடி, அடுத்தமுறை 31. விரல் கருவியின் எண் 96லிருந்து 85க்கு இறங்கியது. செவிலியரை அழைத்து, "சிஸ்டர், இவர் உறங்கவில்லை, மூச்சு நிற்கிறது, எண்ணிப் பாருங்கள்" என்றோம். இளம்பெண்; நம் மாணவியர் வயதுகூட இராது. நின்று எண்ணினார். முகம் மாறியது. கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, நீண்ட மின்கம்பியொன்றைத் தேடிக் கொணர்ந்து, கருவியை மாட்டினார். பணியிலிருந்த மருத்துவர் வந்து வலி மருந்தின் அளவைக் குறைத்தார். "நன்றாக உறங்குகிறார்" என்று கூறி அவர் கதவைச் சாத்திச் சென்றிருந்தால் என்னவாகியிருக்கும் என்பதை நாம் எழுத விரும்பவில்லை.

எம் கணவருக்கேனும் நோய் இன்னதென்று தெரிந்திருந்தது. மூச்சுத் தடை இருந்தும் அறியாதவரே பெரும்பான்மையோர். இவர்களைக் கண்டறிய டொராண்டோவைச் சேர்ந்த மயக்கவியல் மருத்துவர் பிரான்சஸ் சங்கும் அவர் குழுவினரும் 2008இல் எட்டு வினாக்களை வகுத்தனர். மூடிய கதவுக்கு வெளியே கேட்கும் அளவு குறட்டை உண்டா. பகலில் சோர்வும் உறக்கமும் மிகுதியா. உறக்கத்தில் மூச்சு நிற்பதைப் பிறர் கண்டதுண்டா. இரத்த அழுத்தம் உண்டா. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் கொண்டு, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் 35க்கு மேல் வருகிறதா. வயது 50க்கு மேற்பட்டதா. கழுத்தின் சுற்றளவு 40 செ.மீ.க்கு மேலா, ஆணா. மூன்றுக்கு ஆம் என்றால் ஐயத்திற்கு இடமுண்டு. ஐந்துக்கோ அதற்கு மேலோ ஆம் என்றால் ஐயம் வலுவானது. எட்டில் மூன்றாம் வினாவிற்கு நோயாளியால் விடை கூற இயலாது. அருகில் உறங்குபவரே கூற வேண்டும். எனவே மருத்துவர் முன் செல்கையில் மனைவியோ மகளோ உடன் செல்லட்டும். பருத்தவர்க்கு மட்டுமே இது வரும் என்று எண்ணிவிடலாகாது. தாடை சிறுத்த மெலிந்தவர்க்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் உண்டு. பெண்ணின் குறட்டையை வீட்டார் வெளியே சொல்ல நாணுவதால் அது மறைந்தே கிடக்கிறது.

ஐயம் தோன்றினால் அறுவையையே தள்ளிவைக்க வேண்டுமோ என அஞ்ச வேண்டாம். பிற நோய்கள் கட்டுக்குள் இருப்பின், உறக்கச் சோதனைக்காக மட்டும் அறுவையை நிறுத்த வேண்டியதில்லை என்பதே 2016இல் வெளியான மயக்கவியல் நெறிமுறையின் கருத்து. நோய் இருப்பதாகவே கொண்டு மருத்துவர் முன்னெச்சரிக்கை எடுப்பார்: முழுதும் தெளிந்த பின்னரே தொண்டைக் குழாயை எடுத்தல், நரம்பருகே ஊசி, பாரசிட்டமால் ஆகியவற்றால் வலியைத் தணித்துக் கடும் மருந்தைக் குறைத்தல், இரவில் இடைவிடாத கண்காணிப்பு ஆகியன. சொன்னால்தான் இவை நடக்கும்.

கருவி உள்ளவர்கள் அதனை உடன் கொண்டு செல்வது இன்றியமையாதது. நாங்கள் ஈரோட்டுக்கும் சேலத்துக்கும் செல்வதுபோல், வந்தவாசி, திண்டிவனம் பக்கத்து நம்மவர் சென்னைக்கோ வேலூருக்கோ செல்கின்றனர். மறந்துவிட்டால் எடுத்துவரத் திரும்புவது எளிதன்று. மருத்துவமனையில் கருவி இருக்கலாம்; ஆனால் நம் முகத்திற்குப் பொருந்திய முகமூடி இராது. கருவியின் மீது பெயரை ஒட்டி, எந்த அழுத்தத்தில் வைப்பது என்பதை ஒரு தாளில் எழுதி உடன் வைக்கவும். நீண்ட மின்கம்பி ஒன்று பையில் இருக்கட்டும். மூக்கிலோ, உணவுக்குழாய், இரைப்பையிலோ அறுவை நடந்திருந்தால் காற்றழுத்தம் தையலைப் பாதிக்கலாம். அங்கே கருவியை எப்போது மாட்டலாம் என்பதை அறுவை மருத்துவரே கூற வேண்டும்.

நம் வீடுகளுக்கே உரிய சிறு செய்தி ஒன்று. காற்றை ஈரப்படுத்தக் கருவியில் நீர் ஊற்றும் சிறு தொட்டி உண்டு. நீரை வடிகட்டிக் காய்ச்சிப் பயன்படுத்தும் வழக்கமுடைய நாம், அந்நீரே போதும் என்று எண்ணுவோம். காய்ச்சுவதால் கிருமி நீங்கும், உப்பு நீங்காது. தொட்டியில் வெண்மையாகப் படியும். ஆவியாக்கிக் குளிர்வித்த வாலைவடிநீரே அதற்குரியது. நாள்தோறும் மீதியைக் கொட்டிவிட்டுத் தொட்டியைக் காயவைக்க வேண்டும்.

வீடு திரும்பிய நாட்களிலும் கவனம் தளரலாகாது. இந்தி இசையமைப்பாளர் பப்பி லஹிரி 2022 பிப்ரவரியில், ஏறக்குறைய ஒரு மாதம் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பிய மறுநாள், 15ஆம் தேதி இரவு மும்பையில் தம் 69ஆம் வயதில் மறைந்தார். உறக்க மூச்சுத் தடையே காரணம் என மருத்துவர் அறிவித்தபோதுதான் நம் நாட்டில் பலர் இந்நோயின் பெயரையே கேள்வியுற்றனர். அவருக்கு வேறு நோய்களும் இருந்தன, அறுவையும் நடக்கவில்லை. எனினும் நோயுற்ற உடலுக்கு இந்நோய் எத்தகைய சுமை என்பது அதில் தெரிகிறது.

மருத்துவமனையிலிருந்து வெளிவருகையில் தரும் மாத்திரைச் சீட்டை மருந்தாளரிடம் நீட்டுமுன் மருத்துவரிடமே காட்டி, "இவற்றுள் உறக்கம் தருவது எது?" என்று கேளுங்கள். டிரமடால் போன்ற வலி மாத்திரையோ, அல்பிரசோலம் போன்ற உறக்க மாத்திரையோ இருப்பின், மூச்சுத் தடை உள்ளவர் என்பதை மீண்டும் சொல்லி மாற்று உண்டா என வினவுங்கள். எஞ்சியிருந்த பழைய உறக்க மாத்திரையை வீட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டாம். பகலில் சாய்ந்து கண்ணயர்ந்தாலும் முகமூடியை மாட்டிவிடுங்கள். முதல் வாரம் அதே அறையில் ஒருவர் படுத்துக்கொள்ளுங்கள்.