படகில் ஓர் இடம்

பொழியூர் ஒரு கடற்கரை ஊர். கேரளத்தின் தெற்கு எல்லையில் இருக்கிறது. அதை அடுத்து நீரோடி. அது தமிழ்நாடு. மாநிலம் வேறு. ஆனால் தொழில் ஒன்றுதான். மீன்பிடித் தொழில்.

படகு கரைக்கு வருகிறது. மீன் விற்கப்படுகிறது. பிறகு பங்கு பிரிக்கிறார்கள். படகுக்கும் வலைக்கும் பங்கு உண்டு. கடலுக்குப் போனவர்களுக்கும் பங்கு உண்டு. பத்துப் பேர் போகும் படகில் இன்னும் ஓர் ஆள் ஏறினால் என்ன ஆகும்? ஒவ்வொருவர் பங்கும் கொஞ்சம் குறையும்.

இது மீனவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் நூறு ஆண்டுகளுக்கு முன் இந்தக் கரையில் அப்படி இடம் கொடுத்தார்கள். யாருக்குக் கொடுத்தார்கள்? ஏன் கொடுத்தார்கள்?

வயலில் வேலை, வாசலில் தடை

பொழியூருக்கு வடக்கே விழிஞ்ஞம் இருக்கிறது. அதன் அருகே வெங்ஙானூர். அங்கே 1863இல் அய்யன்காளி பிறந்தார். அவர் புலையர் சமூகத்தைச் சேர்ந்தவர். அப்போது இது திருவிதாங்கூர் அரசரின் நாடு.

புலையர்கள் வயலில் உழுதார்கள். நட்டார்கள். அறுத்தார்கள். நெல் எல்லோர் வீட்டுக்கும் போனது. ஆனால் அதை விளைவித்தவர்கள் பொது வழியில் நடக்க முடியாது. சந்தைக்குள் போக முடியாது. தேநீர்க் கடையில் அவர்களுக்கு மட்டும் சிரட்டையில் தேநீர். அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இல்லை.

1893இல் அய்யன்காளி ஒரு வில்வண்டி வாங்கினார். அதில் ஏறிப் பொது வழியில் போனார். எதிர்த்தார்கள். அவர் திரும்பிப் போகவில்லை.

1907இல் சாது ஜன பரிபாலன சங்கம் என்ற சங்கத்தைத் தொடங்கினார். சங்கத்தின் முக்கியமான கோரிக்கை கல்வி. அரசும் ஆணை போட்டது. எல்லாப் பிள்ளைகளையும் பள்ளியில் சேர்க்கலாம் என்றது. ஆணை தாளில் இருந்தது. பள்ளியின் கதவு திறக்கவில்லை.

வயலில் யாரும் இறங்கவில்லை

அந்தக் காலத்தில்தான் உழவுத் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தினார்கள். கூலி கூட வேண்டும் என்று கேட்டார்கள். அடிக்கக் கூடாது என்றார்கள். வேலைக்கு நடுவே ஓய்வு கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்றார்கள். இல்லை என்றால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும் என்று சொல்லிவிட்டார்கள்.

வயல் வேலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் என்ன தொடர்பு? அய்யன்காளிக்கு அது தெரிந்திருந்தது. கூலி மட்டும் கூடினால் இன்றைய கஞ்சி கிடைக்கும். பிள்ளையும் அதே வயலில் அதே வேலையைத்தான் செய்யும். பிள்ளை படித்தால் வேறு வேலைக்கும் போகலாம். வாழ்க்கை ஒரு படி உயரும்.

நிலக்காரர்கள் தாங்களே உழுது பார்த்தார்கள். பழக்கம் இல்லாத வேலை. முடியவில்லை. மறுபக்கம் தொழிலாளர் குடிசைகளில் அடுப்பு எரியவில்லை. பட்டினி வந்தால் போராட்டம் தோற்றுவிடும்.

அப்போது அய்யன்காளி விழிஞ்ஞம் பகுதி மீனவர்களிடம் போனார். அவர்கள் ஒரு முடிவு செய்தார்கள். ஒவ்வொரு படகிலும் ஒரு தொழிலாளியை ஏற்றிக்கொண்டார்கள். பிடித்த மீனில் பங்கும் கொடுத்தார்கள். மீனவர்களும் ஏழைகள்தான். தங்கள் பங்கு குறைந்தது. ஆனாலும் இடம் கொடுத்தார்கள்.

ஏறக்குறைய ஓர் ஆண்டு போராட்டம் நடந்தது. கடைசியில் நிலக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அரசு அதிகாரி ஒருவர் நடுவராக இருந்தார். கூலி உயர்ந்தது. பொது வழியில் நடக்கவும் பள்ளியில் சேரவும் உரிமை உண்டு என்று ஒப்புக்கொண்டார்கள்.

பெஞ்சில் ஒரு சிறுமி

எல்லாம் உடனே மாறிவிட்டதா? இல்லை. அய்யன்காளி பஞ்சமி என்ற சிறுமியை ஊரூட்டம்பலம் பள்ளிக்கு அழைத்துப் போனார். இந்த ஊரும் நெய்யாற்றின்கரைப் பக்கம்தான். சிறுமி பெஞ்சில் உட்கார்ந்தாள். எதிர்த்தவர்கள் பள்ளிக்கே தீ வைத்தார்கள். சுற்று வட்டாரத்தில் கலவரம் நடந்தது.

காலம் மாறியது. 2022இல் அதே பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையும் கேரள அரசு சூட்டியது.

அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனாலும் திருவிதாங்கூரின் ஸ்ரீமூலம் மக்கள் சபையில் உறுப்பினராக இருந்து பேசினார். நிலம் கேட்டார். பள்ளி கேட்டார். 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூருக்கு வந்தார். தம் சமூகத்தில் பத்துப் பேராவது பி.ஏ. படித்துப் பார்க்க வேண்டும் என்பதே தம் ஆசை என்று அவரிடம் அய்யன்காளி சொன்னார். 1941இல் அவர் காலமானார்.

இன்றைய வேலையிடம்

1950இல் இந்திய அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. தீண்டாமை குற்றம். அரசு வேலையில் எல்லோருக்கும் சம வாய்ப்பு என்று 16ஆவது பிரிவு சொல்கிறது.

சட்டம் கதவைத் திறக்கிறது. உள்ளே இடம் கொடுப்பது யார்? கூட வேலை செய்கிறவர்கள்தான்.

கட்டட வேலையைப் பாருங்கள். ஓர் ஆண் கையாளாகச் சேருகிறார். சில ஆண்டுகளில் கரண்டி பிடிக்கப் பழகுகிறார். கொத்தனார் ஆகிறார். கூலியும் கூடுகிறது. ஒரு பெண் சித்தாளாகச் சேருகிறார். பல ஆண்டு கழித்தும் பல இடங்களில் அவர் சித்தாளாகவே இருக்கிறார். அவருக்குத் திறமை இல்லையா? இல்லை. அவர் கையில் யாரும் கரண்டியைக் கொடுக்கவில்லை.

வேலை கொடுத்தால் மட்டும் போதாது. எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குவளை வேண்டும். ஒரே வேலைக்கு ஒரே கூலி வேண்டும். மேல் வேலையைக் கற்றுக்கொள்ள வாய்ப்பு வேண்டும். கூட்டத்தில் பேச இடம் வேண்டும்.

“புதிய ஆளுக்குக் கற்றுக்கொடுத்தால் என் வேலை போய்விடுமே” என்று சிலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் பொய் இல்லை. அன்று மீனவர்களின் பங்கும் குறையத்தான் செய்தது. ஆனால் அவர்கள் கொடுத்த அந்தச் சிறிய இடம் ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமாக மாறியது.

பேசிப் பாருங்கள்

1. உழவுத் தொழிலாளர்கள் கூலியோடு பள்ளிக்கூடத்தையும் ஏன் கேட்டார்கள்?

2. மீனவர்கள் உதவாமல் இருந்தால் என்ன ஆகியிருக்கும்?

3. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் ஒதுங்கி நிற்பவர் யார்? அவருக்கு நீங்கள் எந்த வேலையைக் கற்றுக்கொடுக்கலாம்?