அப்பா பட்டாளத்துக்குப் போன வருஷம்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் இரண்டாம் உலகப்போர் பாடத்தை நடத்தும்போது ஹிட்லரும் ஸ்டாலின்கிராடும் மாணவர்கள் மனத்தில் எளிதில் பதிந்துவிடுகின்றன. அந்தப் போர் நம் ஊர்த் தெரு வரை வந்தது என்பது மட்டும் விடுபட்டுப் போகிறது. இதற்காக நீடாமங்கலம் பகுதி மாணவர்களுடன் நான் செய்துவரும் செயல்பாடு இது.

"அப்பா பட்டாளத்தில் இருந்த பெரியவர் யாராவது உங்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால், அவரிடம் கேட்டு எழுதி வாருங்கள்" என்பதுதான் வேலை. அப்போரில் இந்தியப் படையில் சுமார் 25 லட்சம் பேர் இருந்தார்கள். அன்று குழந்தைகளாக இருந்த அவர்களுடைய பிள்ளைகள் இன்று 80 வயதைக் கடந்தவர்கள். 1965, 1971 போர்களில் நின்றவர்களின் பிள்ளைகளோ நம் மாணவர்களின் தாத்தா, பாட்டிகள்.

எந்த ஆண்டு, எந்தப் படைப்பிரிவு என்று தொடங்கினால் "தெரியாதுப்பா" என்று பேச்சு முடிந்துவிடும். குழந்தை பார்த்ததைத்தான் கேட்க வேண்டும். அப்பா இல்லாதபோது நடவை யார் பார்த்தார்கள்? மணியார்டர் வராத மாதம் என்ன செய்தீர்கள்? கடிதத்தை யார் படித்துக் காட்டினார்கள்? பதிலைப் பேச்சு வழக்கிலேயே எழுதச் சொல்கிறேன். "அப்பா வந்தன்னிக்கு, யாரோ ஆளு வந்துருக்காருன்னு அம்மா பின்னால ஒளிஞ்சிக்கிட்டேன்" என்று ஒரு பாட்டி சொன்னதை மாணவி ஒருத்தி அப்படியே எழுதி வந்தாள். வகுப்பு அமைதியாகிவிட்டது.

அடுத்தது சரிபார்த்தல். "பர்மாவுல சண்டை போட்டாரு" என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது. 1944, 1945இல் பர்மாப் போர்முனையில் பிரிட்டிஷ் இந்தியப் படையில் தமிழர்கள் இருந்தார்கள். எதிர்ப்புறம் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவத்திலும் இருந்தார்கள். பின்னவர்களில் பலர் மலேயாத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போன குடும்பத்தினர். நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்கள் நம் டெல்டாவிலும் உண்டு. வீட்டில் பர்மா ஸ்டார் பதக்கமோ டிஸ்சார்ஜ் சான்றோ இருந்தால் முதல் பக்கம். 1972இல் விடுதலைப் போராட்ட வீரர்களுக்கு வழங்கப்பட்ட தாமிரப் பட்டயம் இருந்தால் இரண்டாம் பக்கம் என்று தேடலாம். இரு தரப்பையும் எடைபோட்டுத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். எந்தச் சூழல் ஒருவரை எந்தப் படையில் சேர்த்தது என்று மாணவர்கள் பேசட்டும்.

பட்டாளத்தார் இல்லாத வீடுகளுக்கு வேறு கேள்வி. 1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. பர்மா அரிசி வருவது நின்றது. நெல் விளையும் ஊரில் அன்று அரிசிப் பானை எப்படி இருந்தது என்று அவர்கள் கேட்டு வரலாம்.

மூன்று எச்சரிக்கைகள். திரும்பி வராத அப்பாவைப் பற்றிப் பேச்சு வந்தால் மேலும் துருவக் கூடாது. குடும்பத்தின் அனுமதி பெறாமல் வகுப்பில் படிக்கக் கூடாது. யார் அப்பா பெரிய வீரர் என்ற போட்டிக்கும், மதிப்பெண்ணுக்கும் இடம் தரக் கூடாது.

எழுதியவற்றை ஒரே நோட்டாகத் தைத்துப் பள்ளி நூலகத்தில் வைத்திருக்கிறோம். சென்ற ஆண்டு பேசிய பெரியவர்களில் இருவர் இன்று இல்லை. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் அந்தப் பக்கங்களைப் படியெடுத்து வீட்டுக்குக் கொண்டு போனார்கள். உங்கள் பள்ளியிலும் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள்.