வாதியின் பெயரும் வலது ஓரமும்

பிராதின் முதல் பக்கத்தில் மூன்று வரிகள் உண்டு. முதல் வரியில் இடது ஓரம் வழக்குப் போடுபவரின் பெயர், வலது ஓரம் 'வாதி' என்ற ஒற்றைச் சொல், இடையில் புள்ளிகள். அடுத்த வரியின் நடுவில் 'எதிர்'. மூன்றாவதில் இடப்பக்கம் இன்னொரு பெயர், வலப்பக்கம் 'பிரதிவாதி'. நீதிமன்றத்துக்கு எதிரே டைப்பிங் கடை வைத்திருக்கும் நான் வாழ்நாளில் அதிகம் அடித்தது இந்த மூன்று வரிகளைத்தான். இவற்றைச் சரியாக அடிக்கக் கற்றுக்கொண்டதோ மிகவும் தாமதமாக.

இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங் ஹையர் படித்தபோது எண்ணித்தான் அடிப்போம். பைக்கா மெஷினில் ஓர் அங்குலத்துக்குப் பத்து எழுத்து. 'ஐ' அடித்தாலும் 'டபிள்யூ' அடித்தாலும் கேரேஜ் நகர்வது ஒரே தூரம். வலது ஓரத்தில் ஒரு சொல் முடிய வேண்டுமென்றால் ஓரத்துக்குப் போய், அந்தச் சொல்லில் எத்தனை எழுத்தோ அத்தனை முறை பேக்ஸ்பேஸ் தட்டிவிட்டு அடிக்கத் தொடங்குவோம். ஸ்டேட்மென்ட் என்றால் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் டேபுலேட்டரில் நிறுத்தம் வைப்போம். கணக்கு சரியாக இருந்தால் தாளும் சரியாக இருக்கும்.

அந்தப் பழக்கத்தோடு கம்ப்யூட்டருக்கு வந்தேன். பெயரை அடித்துவிட்டு, கண்ணால் பார்த்தபடியே ஸ்பேஸ் பாரைத் தட்டித் தட்டி 'வாதி'யை ஓரத்துக்குத் தள்ளுவேன். கம்ப்யூட்டர் எழுத்துருவிலோ 'ர' ஒல்லி, 'ஞ' அகலம், 'ணை' இன்னும் அகலம். ஸ்பேஸின் அகலமும் எழுத்துருவுக்கு எழுத்துரு வேறு. ஆகவே 'வாதி' முடியும் இடமும் 'பிரதிவாதி' முடியும் இடமும் எப்போதும் அரை ஸ்பேஸ் முன்பின்னாகவே நிற்கும். பிரின்டில் பெரிதாகத் தெரியவில்லை என்று பல வருடம் அப்படியே விட்டுவிட்டேன்.

2020 ஏப்ரலிலிருந்து உச்ச நீதிமன்றம் மனுக்களை ஏ4 தாளில் கேட்டது. அதன் பிறகு எங்கள் ஊர் வக்கீல்களும் ஒவ்வொருவராக ஏ4-க்கு மாறினார்கள். பழைய லீகல் தாளின் அகலம் 8.5 அங்குலம், அதாவது 21.59 சென்டிமீட்டர். ஏ4 அகலம் 21. வித்தியாசம் ஆறு மில்லிமீட்டர்தான். பதினோரு பிரதிவாதிகள் உள்ள ஒரு பாகப்பிரிவினை வழக்கின் பழைய கோப்பைத் திறந்து, தாள் அளவை மட்டும் மாற்றி, அவசரத்தில் பிரின்ட் கொடுத்துவிட்டேன். அரை மணி நேரத்தில் குமாஸ்தா அண்ணன் திரும்பி வந்தார். "தங்கச்சி, நாலாம் பிரதிவாதின்னு அஞ்சாவது ஆள் தலைக்கு மேல போட்டிருக்கே, பாரு" என்றார். ஓரத்தில் இடம் போதாமல் அந்தச் சொல் மடங்கி, அடுத்த வரியின் இடது ஓரத்தில் போய் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழே ஐந்தாமவர் பெயர். படிப்பவருக்கு அது ஐந்தாமவருக்கு வைத்த தலைப்பு மாதிரிதான் தெரியும். யார் எத்தனையாவது பிரதிவாதி என்பதே வழக்கின் அடிப்படை. அதை என் ஸ்பேஸ் பார் குழப்பிவிட்டதே என்று அன்று இரவு தூக்கமே வரவில்லை.

மறுநாள் முறையாகக் கற்க உட்கார்ந்தேன். முதலில் பிடிபட வேண்டியது இதுதான்: வேர்டில் இடது, நடு, வலது என்று இருக்கும் பட்டன்கள் முழுப் பத்திக்கும் உரியவை. 'வாதி'யை மட்டும் தேர்வு செய்து கன்ட்ரோல்-ஆர் அழுத்தினாலும் பெயரும் கூடவே வலது ஓரத்துக்குப் போய்விடும். ஒரே வரியில் ஒன்று இடதும் ஒன்று வலதுமாக நிற்க வேண்டுமென்றால், பத்தி இடப்பக்கமாகவே இருக்கட்டும். வலது ஓரத்தில் ஒரு ரைட் டேப் வைக்க வேண்டும். மெஷினில் வைத்த அதே நிறுத்தம்தான். ஆனால் இங்கே சொல் அந்த இடத்தில் தொடங்காமல், அங்கே போய் முடிகிறது. பேக்ஸ்பேஸ் எண்ணும் வேலையைக் கம்ப்யூட்டரே பார்த்துக்கொள்கிறது.

ரூலரின் இடது முனையில் சின்னக் கட்டம் ஒன்று இருக்கும். அதைத் தட்டத் தட்ட லெஃப்ட், சென்டர், ரைட், டெசிமல் என்று டேப்பின் வகை மாறும். ரைட் வந்ததும் ரூலரில் வேண்டிய இடத்தில் ஒரு கிளிக். ஓரத்திலேயே கிளிக் செய்யப் பார்த்தால் அங்குள்ள இன்டென்ட் குறி கைக்குள் வந்துவிடும்; கொஞ்சம் உள்ளே வைத்துவிட்டு இழுத்துக்கொள்ளுங்கள். நான் இழுப்பதில்லை. வைத்த டேப்பை இரட்டைக் கிளிக் செய்தால் வரும் பெட்டியில் அளவை எண்ணாகவே கொடுத்துவிடுகிறேன். ஏ4 தாளில் இரு பக்கமும் 2.54 சென்டிமீட்டர் மார்ஜின் என்றால் 15.92. உச்ச நீதிமன்ற முறைப்படி இரு பக்கமும் 4 சென்டிமீட்டர் விட்டால் 13. அதே பெட்டியில் லீடர் என்ற இடத்தில் புள்ளி வரிசையைத் தேர்வு செய்தால் நடுவில் உள்ள புள்ளிகளும் தாமாக வந்துவிடும். பெயர் நீண்டால் புள்ளி குறையும், சுருங்கினால் கூடும். கையால் ஒரு புள்ளிகூட அடிக்கத் தேவையில்லை. லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் பாராகிராஃப் பெட்டியின் டேப்ஸ் பக்கத்தில் இதே வசதி இருக்கிறது.

வைத்த டேப் அடுத்த என்டருக்கும் தொடரும். பதினோரு பெயருக்கும் ஒருமுறை வைத்தால் போதும். இன்னும் நல்லது, 'தரப்பினர்' என்று ஒரு ஸ்டைல் உண்டாக்கி அதற்குள் டேப்பைச் சேர்த்துவிடுவது. தாள் மாறினால் ஸ்டைலில் ஒரு எண்ணை மாற்றினால் எல்லா வரிகளும் சேர்ந்து நகரும். எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதி இதுதான்.

ஹெடரில் இடப்பக்கம் வழக்கு எண், நடுவில் நீதிமன்றத்தின் பெயர், வலப்பக்கம் பக்க எண் வேண்டுமென்றால் ஒரு சென்டர் டேப், ஒரு ரைட் டேப். லெட்டர் தாளில் தொடங்கிய கோப்பை ஏ4-க்கு மாற்றும்போது பழைய டேப் பழைய இடத்திலேயே நிற்கும். பக்க எண் மார்ஜினைத் தாண்டி ஆறு மில்லிமீட்டர் வெளியே போகும். ஹெடருக்குள் இருக்கும்போது வரும் 'அலைன்மென்ட் டேப்' என்பதைப் பயன்படுத்தினால் இந்தத் தொல்லை இல்லை. அது மார்ஜினைப் பார்த்தே நிற்கும்.

தொகைகளுக்கு டெசிமல் டேப். 1,25,000.00 என்பதும் 937.50 என்பதும் பைசாப் புள்ளியில் நேராக நிற்கும். கோர்ட் ஃபீஸ் கணக்கைச் சரிபார்ப்பவரின் கண்ணுக்கு அது பெரிய உதவி.

டேப் எல்லாவற்றுக்கும் ஆகாது. இரு பக்கமும் இரண்டு மூன்று வரி வந்தால் டேப் திணறும். மனுவின் அடியில் இடப்பக்கம் இடம், நாள். வலப்பக்கம் 'இப்படிக்கு', கையெழுத்து, முகவரி. கல்யாணப் பத்திரிகையின் அடியில் இரு வீட்டார் பெயர்களும் அப்படித்தான். அங்கே இரண்டு கட்டமுள்ள டேபிள் போட்டு, கோடுகளை எடுத்துவிடுவேன். ஒரு பக்கம் எவ்வளவு வளர்ந்தாலும் மறுபக்கத்தைத் தொடாது. டேபிளுக்குள்ளே டேப் வேண்டுமென்றால் கன்ட்ரோல்-டேப்; வெறும் டேப் அடுத்த கட்டத்துக்குப் போய்விடும்.

பாமினியிலும் வானவில்லிலும் அடித்த பழைய கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போதும் இதே கதைதான். எழுத்தின் அகலம் மாறும், ஸ்பேஸால் நிறுத்திய சொல்லெல்லாம் இடம் பெயரும். டேப்பால் நிறுத்தியது அசையாது. வாட்ஸ்அப்பில் அனுப்பி வேறு கடையில் பிரின்ட் எடுப்பவர்களிடம் பிடிஎஃப் ஆக்கித்தான் கொடுக்கிறேன்.

இப்போது எந்தக் கோப்பு வந்தாலும் முதலில் கன்ட்ரோல்-ஷிஃப்ட்-8 அழுத்திப் பார்ப்பேன். மறைந்திருக்கும் குறிகள் தெரியும். ஸ்பேஸ் என்றால் சிறு புள்ளிகள் வரிசையாக, டேப் என்றால் ஒற்றை அம்பு. பெயருக்கும் 'வாதி'க்கும் நடுவே புள்ளிக் கூட்டம் தெரிந்தால், பிரின்ட் கொடுப்பதற்கு முன் அதை அழித்துவிட்டு அம்பு ஒன்றைப் போடுகிறேன். குமாஸ்தா அண்ணன் நின்றுகொண்டே இருப்பார். "ரெண்டு நிமிஷம் அண்ணே" என்று நாற்காலியை இழுத்துப் போடுவேன்.