அடையாறு போர்டுகளில் ஆங்கிலப் பாடம்

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிக்கும் பகுதியை ஒருமுறை சுற்றி வாருங்கள். எஸ்.எஸ்.சி.க்கும் வங்கித் தேர்வுக்கும் தயாராகிறவர்கள் பலரிடம் ஏ முதல் இசட் வரை அடுக்கிய ஆங்கிலச் சொற்பட்டியல் இருக்கும். டி-க்கு வரும்போது ஏ-யில் படித்தது பாதி மறந்திருக்கும். குறை ஞாபக சக்தியில் இல்லை. அகர வரிசை, சொல்லைத் தேடி எடுக்க ஏற்பட்டது. மனதில் நிறுத்த அது உதவாது.

எஸ்.எஸ்.சி. சி.ஜி.எல். முதல் கட்டத்தில் ஆங்கிலத்துக்கு 25 கேள்விகள், 50 மதிப்பெண். தவறாக எழுதினால் கேள்விக்கு அரை மதிப்பெண் போகும். இரண்டாம் கட்டத்தில் 45 கேள்விகள், 135 மதிப்பெண். தவறுக்கு ஒரு மதிப்பெண் வெட்டு. ஐ.பி.பி.எஸ். பி.ஓ. முதல்நிலைத் தேர்வில் 30 கேள்விக்கு 20 நிமிடம், அதாவது கேள்விக்கு 40 வினாடி. தெரியாத சொல்லைப் பார்த்ததும் அதற்குள் இருக்கும் எழுத்துக் கூட்டத்தைப் பிடித்துப் பொருளை ஊகிக்கத் தெரிந்தவருக்குத்தான் அந்த 40 வினாடி போதும். நார்மன் லூயிஸ் 1949-ல் வெளியிட்ட 'வேர்ட் பவர் மேட் ஈஸி' இன்றும் விற்பதற்குக் காரணம் இதுதான். சொல்லை வேரோடு சொல்லித்தருகிற புத்தகம் அது.

வேரைத் தேடி அடையாறுக்காரர்கள் வெகுதூரம் போக வேண்டாம். 1882-ல் இங்கே தலைமையகத்தை அமைத்த தியோசாபிகல் சொசைட்டியின் பெயரிலேயே இரண்டு கிரேக்க வேர்கள் இருக்கின்றன. 'தியோ' என்றால் கடவுள், 'சோஃப்' என்றால் ஞானம். முதல் வேரிலிருந்து தியாலஜி (இறையியல்), ஏதிஸ்ட் (நாத்திகர்), தியாக்ரஸி (மதகுருமார் ஆட்சி), மானோதீயிசம் (ஒரே கடவுள் கொள்கை). இரண்டாவதிலிருந்து ஃபிலாசஃபி, சோஃபிஸ்ட்ரி. கடைசிச் சொல்லுக்குச் சாமர்த்தியமான பொய்வாதம் என்று பொருள். ஞானம் அங்கே கொஞ்சம் கெட்டுப்போய்விட்டது! ஃபிலாசஃபியின் முன்பாதி 'ஃபில்', விருப்பம். பிப்ளியோஃபைல் புத்தகப் பிரியர், ஃபிலாந்த்ரபிஸ்ட் கொடையாளர். ஒரே போர்டில் தொடங்கி இவ்வளவு தூரம் வந்துவிட்டோம்.

ஆனால் எழுத்து ஒன்றாக இருந்தால் வேரும் ஒன்று என்று நம்பிவிடக் கூடாது. தியரி என்ற சொல்லும் அதே டி, ஹெச், இ, ஓ-வில்தான் தொடங்குகிறது. அதற்கும் கடவுளுக்கும் சம்பந்தமில்லை. அது 'பார்த்தல்' என்ற வேரிலிருந்து வந்தது, தியேட்டருக்கு உறவு. லைப்ரரியில் இருக்கும் 'லிபர்' புத்தகம். லிபர்ட்டியில் இருப்பது சுதந்திரம். வாலன்டரி, பெனவலன்ட் (நல்லெண்ணம் உள்ள), மலவலன்ட் (கெட்ட எண்ணம் உள்ள) மூன்றிலும் 'வால்' என்பது மன விருப்பம். வாலட்டைலில் உள்ள 'வால்' பறத்தல். பொழுதுக்கும் ஏறி இறங்கும் பங்குச் சந்தையை அப்படிச் சொல்வார்கள். தேர்வில் கோட்டை விடுவது பெரும்பாலும் இந்தப் போலிகளிடம்தான்.

இருப்பதிலேயே சுவையான ஜோடி 'பெட்'. எல்.பி. ரோட்டில் பியூட்டி பார்லர் போர்டில் பெடிக்யூர் என்று பார்த்தால் அது கால் பராமரிப்பு. குழந்தை டாக்டர் போர்டில் பீடியாட்ரிக்ஸ் என்று பார்த்தால் அது குழந்தை மருத்துவம். முதலாவது லத்தீன் கால், இரண்டாவது கிரேக்கக் குழந்தை. காலின் பக்கம் பெடஸ்ட்ரியன், பெடல். குழந்தையின் பக்கம் பெடகாஜி, அதாவது கற்பிக்கும் கலை. காலின் கிளைகள் ஆபீஸ் வரை வருகின்றன. கடிதத்துக்குக் கடிதம் 'கைண்ட்லி எக்ஸ்பிடைட்' என்று எழுதுகிறோமே, அந்த எக்ஸ்பிடைட்டின் ஆதிப் பொருள் காலில் இருக்கும் தளையை அவிழ்ப்பது. தளை போனால் வேலை வேகமாக நடக்கும். அதற்கு எதிர் இம்பீட்: காலைக் கட்டுவது, தடுப்பது. இப்படிப் படித்த சொல்லை மறப்பது கஷ்டம்.

'மிஸ்' அடுத்த முக்கியமான ஜோடி. மிஸ்பிரிண்டில் அது தவறு. மிசாந்த்ரோப், மிசாஜினிஸ்ட், மிசாகமிஸ்ட் மூன்றிலும் அது வெறுப்பு: முறையே மனிதரை, பெண்களை, திருமணத்தை. ஒரு சொல் விடை கேட்கும் கேள்விகளுக்கு ஏற்ற மூவர் இவர்கள். மிசாஜினிஸ்டின் நடுவில் இருக்கும் 'ஜின்' ஆஸ்பத்திரியில் கைனகாலஜி போர்டிலும் உண்டு.

வேலை கிடைத்த பிறகும் எழுத்துகள் விடுவதில்லை. மெயிலில் ஓர் எழுத்து மாறினால் ஸ்பெல் செக் கண்டுகொள்ளாமல் போகலாம், மேனேஜர் கண்டுகொள்வார். ஸ்டேஷனரியில் இ வந்தால் பேப்பர், பேனா. ஏ வந்தால் நகராமல் நிற்பது. காம்ப்ளிமென்ட்டில் நடுவில் ஐ என்றால் பாராட்டு, இ என்றால் நிறைவு செய்வது. கம்ப்ளீட்டிலும் அதே இ இருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்குப் போகிறவர்கள் பிரின்சிபலைக் கட்டாயம் சரியாக எழுத வேண்டும்: 'பி-ஏ-எல்' என்று முடிந்தால் கடனின் அசல், 'பி-எல்-இ' என்று முடிந்தால் கொள்கை. அட்வைஸில் சி வந்தால் அறிவுரை என்ற பெயர்ச்சொல், எஸ் வந்தால் அறிவுரை கூறு என்ற வினை.

செய்முறை எளிது. வேருக்கு ஒரு பக்கம் என்று நோட்டுப் போடுங்கள். இடப்பக்கம் உண்மையான உறவினர்கள், வலப்பக்கம் எழுத்து மட்டும் ஒத்த போலிகள். ஒவ்வொரு சொல்லுக்கும் உங்கள் வேலையிலிருந்தோ வீட்டிலிருந்தோ ஒரு வாக்கியம் எழுதுங்கள். புத்தக வாக்கியத்தைக் காப்பி அடிக்காதீர்கள். நாளுக்கு ஒரு வேர் போதும். வாரக் கடைசியில் பழைய வினாத்தாளை எடுத்து, அந்த வேர்கள் எத்தனை கேள்விகளில் தலைகாட்டுகின்றன என்று பாருங்கள். ஒன்றிலும் வராத வேரை அதற்கு மேல் நோண்ட வேண்டாம், அடுத்த பக்கத்துக்குப் போய்விடுங்கள்.