சருகும் எருவும்

தென்காசிப் பக்கத்தில் முற்றமும் புழைக்கடையும் உடைய வீட்டார் நாள்தோறும் விடியலில் கூடை கூடையாகச் சருகைக் கூட்டுகின்றனர். மா, வேம்பு, புங்கு, பூவரசு முதலியன உதிர்க்கும் இச்சருகைக் குவித்துத் தீயிடுதல் பலர்க்கு வழக்கமாயிற்று. தீயிட்டால் இடம் தூய்மையாகும் என்பர். ஆயின் இலையிலுள்ள தழைச்சத்தாகிய நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போய்விடுகின்றது. எஞ்சுவது சிறிது சாம்பலே. புகையின் நுண்துகள்களோ அண்டைவீட்டுக் குழந்தைகளின் மூச்சிற் கலக்கின்றன. 2016ஆம் ஆண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வெட்டவெளியில் குப்பை எரிப்பதைத் தடுத்து, மீறுவோர்க்கு ரூ. 5,000 தண்டமும் விதித்தது.

குற்றாலமலையை நோக்குவோம். செண்பகாதேவி அருவியைச் சூழ்ந்த காட்டிற் சருகைக் கூட்டுவார் இலர். இலைமேல் இலை விழ, பூசணமும் கறையானும் மண்புழுவும் அதனைத் தின்று மண்ணைக் கரிய பஞ்சுபோல் ஆக்குகின்றன. அப்பஞ்சு சாரல்நீரை உறிஞ்சி மெல்ல மெல்லச் சிற்றாற்றுக்கு விடுகின்றது.

மலை பல்லாண்டிற் செய்வதை மூன்று திங்களிற் செய்யும் முறையை ஆல்பர்ட் ஹோவார்டு என்னும் தாவர அறிஞர் இந்தூரில் வகுத்து, 1931இல் நூலாக வெளியிட்டார். நம் நாட்டு உழவரிடமும் சீனத்து உழவர் வழக்கத்திலும் கற்றவற்றையே அவர் ஒழுங்குபடுத்தினார் என்பது நாம் மறக்கலாகாதது. சருகு ஒரு சாண், அதன்மேல் பச்சிலையும் அடுக்களைக் கழிவும் நான்கு விரல், அதன்மேல் சாணிக்கரைசல் என மூன்றடி உயரம் வரை அடுக்கவேண்டும். நுண்ணுயிர்களுக்குத் தழைச்சத்து ஒரு பங்குக்குக் கரிச்சத்து 25 முதல் 30 பங்கு வரை ஏற்றது. சருகிற் கரி மிகுதி. ஆதலின் சருகை மட்டும் குவித்தால் ஆண்டு கழியினும் எளிதில் மக்காது. சாணியும் பச்சிலையும் அக்குறையை நிரப்புகின்றன. நன்கு அடுக்கிய குவியலின் உள்வெப்பம் 55 பாகை செல்சியசுக்கு மேலும் ஏற, களைவிதைகள் பெரும்பாலும் மாளும். ஈரம், ஒரு பிடியைப் பிழிந்தால் இரண்டொரு துளி சொட்டும் அளவே இருக்கவேண்டும்.

குழியா, குவியலா என்பதே இவ்வூரில் முதற்கேள்வி. ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி கார்த்திகை மழையிலும் குழியில் நீர் தேங்கிக் காற்றின்றி அழுகி நாறும். அக்காலத்தில் மேட்டிடத்திற் குவித்துத் தென்னங்கீற்றால் மூடுதல் வேண்டும். ஹோவார்டும் மழைக்காலத்துக்குக் குவியலையே கொண்டார். பங்குனி சித்திரை வெயிலுக்குக் குழியே நன்று.

தென்னை வைத்திருப்போர் இன்னொன்றும் அறியவேண்டும். குருத்தைத் துளைத்து, விரியும் ஓலையைக் கத்தரித்த விசிறிபோல் ஆக்கும் காண்டாமிருக வண்டு, எருக்குழியிலேதான் முட்டையிடுகின்றது. கிளறாத குப்பை அதன் தொட்டில். பெங்களூரில் ஆச்சார்யா என்பார் வகுத்த முறையிற் கிளறுதல் இல்லை, உழைப்பு மிச்சமே. ஆயினும் தென்னந்தோப்பை ஒட்டிய வீட்டிற்கு மும்முறை கிளறும் இந்தூர் முறையே தக்கதென்பது நம் துணிபு. கிளறுந்தோறும் கட்டைவிரற் பருமனில் வெள்ளையாகச் சுருண்டு கிடக்கும் புழுக்களைப் பொறுக்கிவிடலாம். கோழி வளர்ப்போர்க்கு அவ்வேலையும் இல்லை.

மட்டையும் தேங்காய்த் தொண்டும் விரைவில் மக்கா. அவற்றைக் குவியலிற் சேர்க்காது, தொண்டின் குழிந்த புறம் மேலாகுமாறு மரத்தின் வட்டப்பாத்தியிற் புதைத்தால், கோடையிலும் வேரடியில் ஈரம் நிற்கும்.