மறைந்தோடும் நீர்

நுழையும்முன்

பெருமழை ஓய்ந்த சிறிது நேரத்திலேயே மக்கள் மீண்டும் நடமாடத் தொடங்கும் பொதுவெளிகள் உண்டு. அங்குப் பெய்த நீர் எங்கே சென்றது என எவரும் எண்ணுவதில்லை. கண்ணுக்குப் புலப்படாத வடிகால் தன் பணியைச் செவ்வனே செய்வதே அதற்குக் காரணம். அதன் அமைப்பையும் அதனைப் பேணும் பொறுப்பையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

மண் நீரை உறிஞ்சும், கல் உறிஞ்சாது. நகரின் சதுக்கங்களும் நடைபாதைகளும் கல்லாலும் கான்கிரீட்டாலும் மூடப்பட்டவை. 1000 சதுர மீட்டர் பரப்புள்ள சதுக்கத்தில் 5 செ.மீ. மழை பெய்தால் 50,000 லிட்டர் நீர் சேரும். அதனை வெளியேற்றத் திறந்த கால்வாய் வெட்டினால் முதியோர் இடறி விழுவர், குப்பை சேரும், கொசு பெருகும். எனவே, நீர்வழியை நிலத்தடியில் அமைக்கும் முறை தோன்றியது. பண்டைத் தமிழர் இத்தகைய வழியைச் 'சுருங்கை' என அழைத்தனர். மதுரையின் சுருங்கையிலிருந்து வெளிப்படும் நீரை, யானை தன் துதிக்கையால் சொரியும் நீருக்குப் பரிபாடல் ஒப்பிடுகிறது.

சரிவே முதல் வடிகால்

நீரை வழிநடத்துவது முதலில் குழாயன்று, நிலத்தின் சரிவே. இத்தாலியின் சியன்னா நகரிலுள்ள காம்போ சதுக்கம் இதற்குச் சிறந்த சான்று. 14ஆம் நூற்றாண்டில் செங்கல் பாவப்பட்ட இச்சதுக்கம் சிப்பியின் வடிவுடையது. வெண்ணிறக் கற்கோடுகள் இதனை ஒன்பது பகுதிகளாகப் பிரிக்கின்றன. அன்று நகரை ஆண்ட ஒன்பதின்மர் அவையை இவை நினைவூட்டுகின்றன. அதேவேளையில், சதுக்கம் முழுவதும் நகர்மன்ற மாளிகையை நோக்கித் தாழ்ந்து செல்கிறது. மிகத் தாழ்ந்த இடத்தில் உள்ள நீர்வாயில் மழைநீர் வந்து சேர்கிறது. மக்கள் அமர்ந்து உரையாடும் சரிவே நீரின் வழியாகவும் விளங்குகிறது. இங்கு அழகும் பயனும் வேறுவேறல்ல.

தெரிந்து தெளிவோம்

உரோம் நகரின் பாந்தியன் கட்டடத்தில் குவிமாடத்தின் உச்சி திறந்தே உள்ளது. அதன்வழி விழும் மழைநீர், சற்றே மேடான தளத்தில் வழிந்து, தளக்கற்களில் உள்ள சிறு துளைகளின் வழியே வெளியேறுகிறது.

மறைப்பும் திறப்பும்

இன்றைய பொதுவெளிகளில் தளக்கற்களுக்கிடையே விரலளவு அகலமுள்ள நீண்ட இடுக்கு மட்டுமே தெரியும். அதன் அடியில் கால்வாய் மறைந்திருக்கும். தளத்தின் சரிவு பெரும்பாலும் 100 மீட்டருக்கு 1 முதல் 2 மீட்டர் வரை அமையும். குறைந்தால் நீர் தேங்கும். மிகுந்தால் சக்கர நாற்காலியில் செல்வோர் இடர்ப்படுவர். ஊன்றுகோலின் முனையும் சிறு சக்கரமும் சிக்காதவாறு இடுக்கின் அகலம் அளவோடு இருத்தல் வேண்டும்.

நீருடன் மணலும் இலைகளும் வரும். அவற்றைத் தடுத்து நிறுத்த வண்டல் குழியும், அதனைத் தூய்மை செய்யத் திறந்து மூடும் கல்லும் தேவை. சிந்துவெளியின் மொகஞ்சதாரோவில் செங்கல் வடிகால்கள் பெயர்த்தெடுக்கத்தக்க மூடிகளைக் கொண்டிருந்தன. வண்டல் தங்கும் குழிகளும் இடையிடையே இருந்தன. மறைத்தவர்கள் திறக்கும் வழியையும் வைத்தார்கள் என்பதே அதில் நாம் கற்க வேண்டிய பாடம்.

மறைத்தல் மறத்தல் அன்று

கண்ணில் படாதது கருத்திலிருந்தும் நீங்கிவிடுவதுண்டு. மூடிய வடிகாலில் நெகிழிப் பைகள் அடைத்துக்கொள்கின்றன. முறையற்ற இணைப்புகளால் கழிவுநீரும் கலக்கிறது. அதிலிருந்து எழும் நச்சுவாயு, உள்ளே இறங்கும் தொழிலாளியின் உயிரைப் பறிக்கிறது. உரிய பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழாய்களையும் தொட்டிகளையும் தூய்மை செய்ய மனிதரை இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. எனினும், சட்டம் மட்டும் போதாது. மனிதர் இறங்கத் தேவையின்றி, மேலிருந்தே கருவிகளால் தூய்மை செய்யத்தக்க வடிகாலை வரைபடத்திலேயே திட்டமிடுதல் வேண்டும்.

நீர்வழி கண்ணுக்கு மறைந்திருக்கலாம். அதனைக் காப்பவரின் உழைப்பும் உயிரும் நம் கருத்திலிருந்து மறைந்துவிடலாகாது. சாலையில் ஒரு நெகிழிப் பையை வீசாதிருப்பதும் அவருக்கு நாம் செய்யும் மரியாதையே.

கற்பவை கற்றபின்

உங்கள் பள்ளி வளாகத்தில் மழைநீர் ஓடும் வழியைக் கண்டறிந்து, சரிவு, நீர்வாய், தூய்மை செய்யும் வழி ஆகியவற்றைக் குறித்து வரைபடம் உருவாக்குக.